ரயிலுக்கு மன்னிப்புக் கேட்டவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து வாசலில் நின்று, "என் பேருக்காக உங்க பேனா மை வீணாப்போச்சே டீச்சர், மன்னிச்சுக்கோங்க" என்பார். அந்தத் தொல்லை எனக்கு வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தோம். கம்பெனிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்த நேரம். என் வீட்டுக்காரருக்கு ஒரு பல்பு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கி வைத்த குடோன் அது. முன்னால் நீளமாக ஒரு கூடம், பின்னால் ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். கொல்லைச் சுவரைத் தாண்டினால் தண்டவாளம். வண்டி போனால் அலமாரியில் இருக்கிற டம்ளரெல்லாம் இடம் மாறி நிற்கும். அதனால் வேறு யாரும் அங்கே குடிவரத் துணியவில்லை, அவர் வந்தார்.

கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். ஸ்டேஷன் கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. வருகிற மூட்டை, போகிற மூட்டைக்கு ரசீது போடுகிற வேலை. ரயிலுக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் அத்தோடு சரி. ஆனால் அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு ரயிலுக்கும் அவரே பொறுப்பு என்பது போல நடந்துகொள்வார். நாங்கள் குடிவந்த புதிதில், கொடியில் காயப்போட்ட என் புடவைமேல் இன்ஜின் கரி விழுந்துவிட்டது. நான் உதறிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலை எட்டிப் பார்த்தது.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். துணியெல்லாம் கரியாப் போச்சு."

"நீங்களா சார் இன்ஜின் ஓட்டினீங்க?"

"இல்ல. ஆனா இந்தத் தெருவுல ரயில்வேக்காரன் நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுக்கொண்டு நின்றார்.

முதலில் இது நல்ல குணம் என்றுதான் எனக்குப் பட்டது. போகப் போகப் பற்றிக்கொண்டு வந்தது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மன்னிப்பு. மழை பெய்தால் மன்னிப்பு, பெய்யாவிட்டாலும் மன்னிப்பு. ஒருநாள் அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் நான் அடுப்பில் வைத்த பால் பொங்கி ஊற்றிவிட்டது. "என்னாலதான், நான் வந்து பேச்சுக் குடுத்ததாலதான்" என்று ஓடிப்போய்த் தன் வீட்டுப் பாலைக் கொண்டுவந்து வைத்தார். பேச்சுக் கொடுத்தது நான்தான். அதை நான் சொல்லவில்லை. பாலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

தெருவே இப்படித்தான் இருந்தது. எது கெட்டாலும் அவர் காதில் போட்டால் போதும், தப்பு யாருடையது என்று தேடுகிற வேலை மிச்சம். என் வீட்டுக்காரர்கூட, "பக்கத்துல ஒரு மனுசன் இருக்கச் சொல்லோ நாம எதுக்குக் கவலைப்படணும்?" என்பார். அந்த வசதிக்கு எல்லோரும் நன்றாகப் பழகிவிட்டோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் குடோனில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சேரி நடந்தது என்றால் நம்புவீர்களா? நடந்தது. அதுவும் ஒரு மன்னிப்பில்தான் ஆரம்பித்தது.

மெட்ராசிலிருந்து ஒரு வயலின்காரர் இங்கே ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்க வந்திருந்தார். சினிமாப் பாட்டுக் கோஷ்டியில் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவர். மறுநாள் மத்தியானம் திரும்பிப் போக ஸ்டேஷனுக்கு வந்து, கூட்ஸ் ஆபீஸ் ஜன்னலில் நம்மவரிடம் வண்டி எப்போது என்று கேட்டிருக்கிறார். "லேட்டு சார், நிதானமா டீ குடிச்சிட்டு வாங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கென்று பார்த்து வண்டி நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போய்விட்டது. டீ டம்ளரோடு வயலின்காரர் நின்றார். அடுத்த வண்டி சாயங்காலம்தான்.

வயலின் பெட்டியை இவரே தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். சோறு போடும்போது மன்னிப்பு, மோர் ஊற்றும்போது மன்னிப்பு. வயலின்காரருக்குத் தாங்கவில்லை. "யோவ், நீ கொஞ்ச நேரம் வாயை மூடிக்கினு இருந்தீன்னா நான் ஒண்ணு வாசிக்கிறேன்" என்று பெட்டியைத் திறந்துவிட்டார்.

நான் குழம்புக் கரண்டியோடு என் வாசலுக்கு வந்து நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சினிமாப் பாட்டு இல்லை. எந்தக் கச்சேரியிலும் கேட்டதும் இல்லை. அவரே போட்ட மெட்டு. அந்த நீளமான குடோன், சத்தத்தை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது. தெருமுனை இட்லிக் கடை அம்மா கடையைப் போட்டது போட்டபடி வந்து நின்றாள். தெருவில் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கினார்கள்.

வாசித்து முடித்து வயலின்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "கல்யாணத்துல எல்லாரும் எப்ப பந்திக்குக் கூப்புடுவாங்கன்னு பாத்துக்கினு இருப்பாங்க. சபாவுல நம்மள உள்ள வுட மாட்டான். அடுத்த மாசம் நான் இங்க வந்து வாசிக்கட்டா?"

"இந்தக் குடோன்லயா?"

"மெட்ராசுல எனக்கு இந்தக் குடோன்கூட இல்லையே சார்."

அப்படி ஆரம்பித்தது. அவர் மூலமாக இன்னும் சிலர் வந்தார்கள். ஆரம்பாக்கத்துப் பக்கமிருந்து தெலுங்கு பேசுகிற ஒரு புல்புல்தாராக்காரர், கட்டையைத் தட்டித் தந்தியை மீட்டுகிற வாத்தியம் அது. பேண்டு கோஷ்டியில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதிக்கொண்டிருந்த ஒரு கிளாரினெட்காரர். அவருக்கு ஒரு ராகத்தை நின்று நிதானமாக வாசிக்க வேண்டும் என்று ஆசை, சாவு வீட்டில் யார் அதற்கு இடம் கொடுப்பார்கள்? இப்படி இடமில்லாதவர்களுக்கெல்லாம் அந்தக் குடோன்தான் இடம். கீழே ஜமுக்காளம், சுவர் ஓரமாக ஒரே ஒரு நாற்காலி, கொஞ்சம் நெல் வாசனை. சாயங்கால பாசஞ்சரைப் பிடித்து அவர்கள் திரும்ப வேண்டும் என்பதால் மத்தியானமே ஆரம்பித்துவிடும்.

நடுவில் ரயில் வரும். அதுதான் பெரிய பாடு. முதல் கச்சேரியிலேயே மெயில் தடதடவென்று வந்து வயலினை விழுங்கிவிட்டது. வயலின்காரர் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி நிறுத்தினார். வண்டி போனதும், எங்கே விட்டோம் என்று முழித்தார். முன்வரிசையில் இருந்த இட்லிக் கடை அம்மா, "ம்ம்ம்" என்று அந்த ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை அப்படியே வாங்கிக்கொண்டு அவர் மேலே போனார். அன்றிலிருந்து அதுவே அந்தக் குடோன் கச்சேரியின் வழக்கமாகிவிட்டது. நம்மவர் வாசலில் நின்று சிக்னலைப் பார்த்துக் கையைத் தூக்குவார். வாசிக்கிறவர் ஒரு ஸ்வரத்தில் நிறுத்துவார். வண்டி போகிற வரைக்கும் அதை நாங்கள் எல்லோரும் வாய்க்குள்ளேயே பிடித்து வைத்திருப்போம். வண்டி போனதும் திருப்பிக் கொடுத்துவிடுவோம். ரயில் சத்தத்தில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்காது, நெஞ்சில் அதிர்வதுதான் தெரியும். கூட்டமாக ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும்.

வண்டி போனதும் அவர் உள்ளே எட்டிப் பார்த்து ஒரு மன்னிப்புக் கேட்பார். வித்வான்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். "சார் மன்னிப்பு கேட்டாத்தான் எனக்கு அடுத்த மூச்சே வருது" என்று கிளாரினெட்காரர் கிண்டல் செய்வார். ஆரம்பத்திலும் ஒன்று உண்டு. ஜமுக்காளத்துக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு, "பெருசா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க, ஏதோ எங்களால முடிஞ்சது, குத்தம் குறை இருந்தா எம்மேல போடுங்க" என்பார். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, ஒன்றும் செய்யவில்லை, ஏதோ ரசமும் சோறும்தான் என்று வீட்டுக்காரர்கள் சொல்வது இல்லையா? அதே பேச்சுதான். அதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். உள்ளே வடை பாயசம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று. இத்தனை கச்சேரி வைத்தவர் ஒன்றுக்கும் உட்கார்ந்ததில்லை. காபி கலப்பார், வாசலில் நிற்பார், விசிறி தேடுவார், வித்வானுக்குக் காற்று வருகிறதா என்று பார்ப்பார். ஒருநாள் கிளாரினெட்காரர் வாசித்துப் பாதிப்பேருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சமையல்கட்டுக்குப் போய், "இன்னிக்கு எப்படி சார்?" என்றேன்.

"காபியில சக்கரை கம்மியாப் போச்சு டீச்சர்" என்றார்.

நன்றாகப் பாடுகிற ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துச் சொன்னது என் வீட்டுக்காரர்தான். பல்பு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை, ஆரம்பாக்கத்துப் பெண். ஊரில் பஜனைக் கோஷ்டியின் ஆர்மோனியக்காரரிடம் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறாள். மற்றபடி மிஷின் சத்தத்துக்கு நடுவில் பாடிப்பாடியே வளர்ந்த குரல். "மிஷினு ஓடச் சொல்லோவே கேக்குது, பாத்துக்கோ" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புல்புல்தாராவுக்கு முன்னால் ஒரு பாட்டு மட்டும் பாடட்டும் என்று உட்காரவைத்தோம். அன்றைக்கு வந்திருந்த வயலின்காரர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் மெட்ராசிலிருந்து ஒரு சபா காரியதரிசியைக் கூட்டிவருகிறேன், இவள் முழுக் கச்சேரி பாடட்டும் என்றார். காரியதரிசிக்குப் பிடித்துப்போனால் சபாவில் ஒரு சாயங்காலம் கிடைக்கும். ஒன்று கிடைத்தால் நாலு இடத்தில் கூப்பிடுவார்கள். பேக்கிங் வேலையை விட்டுவிடலாம். கூட வந்திருந்த அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பல்பு ஒடஞ்சி ஒடஞ்சி விரலெல்லாம் கிழிச்சிக்கினு வருது டீச்சரம்மா, இது மட்டும் ஆச்சுன்னா போதும்" என்றாள். அந்தப் பெண் விரலில் சுற்றிய துணியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரியதரிசி வந்தார். ஜரிகை அங்கவஸ்திரம், கையில் வெற்றிலைப் பெட்டி. ஒரே நாற்காலியில் அவரை உட்காரவைத்தோம். நம்மவருக்குக் கை கால் நிற்கவில்லை. வெயிலுக்கு மன்னிப்பு, நெல் வாசனைக்கு மன்னிப்பு, நாற்காலி ஆடுவதற்கு மன்னிப்பு. அந்தப் பெண் வந்து உட்கார்ந்து சுருதிப் பெட்டியைத் திறந்தாள். நம்மவர் வழக்கம்போல முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"ஐயா மன்னிக்கணும். பெருசா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க. பொண்ணு முறையாக் கத்துக்கல. பல்பு கம்பெனியில பேக்கிங் பண்ணுது. ஏதோ பாடும். தப்புகிப்பு வந்துச்சுன்னா அது எம்மேலதான்."

எங்களில் ஒருத்தர்கூட அதைக் கவனிக்கவில்லை. மாதாமாதம் கேட்கிற பேச்சுதானே? ஆனால் காரியதரிசி அதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்ததில்லை. "பரவால்ல, பரவால்ல, பாடட்டும்" என்று தலையாட்டி, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். ரசம் சோறுதான் என்று சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார். இனி அவருக்கு ரசம் சோறுதான் தெரியும்.

அந்தப் பெண்ணும் வாயில் சுருதியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கிளாரினெட்காரருக்கு அது கிண்டல் செய்கிற விஷயம். அவருக்கு வயதும் இருந்தது, வேறு பிழைப்பும் இருந்தது. இவளுக்கு அந்த ஒரு நாள் மட்டும்தான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். ஆரம்பித்தாள். அவளுடைய சுருதி அது இல்லை, கீழே வைத்துக்கொண்டாள் என்று எனக்கே தெரிந்தது. மிஷினை மீறிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் காரியதரிசி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிலையை மடிக்கிறாரா, தலை ஆடுகிறதா என்று.

நம்மவர் வாசலில் கையைத் தூக்கினார். அவள் நிறுத்தினாள்.

கூட்ஸ் வண்டி. அதற்கு முடிவே கிடையாது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் அவள் விட்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வண்டி போனது. டம்ளர்கள் அடங்கின. குடோனில் எங்கள் ரீங்காரம் மட்டும் கேட்டது. அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் விடவில்லை. மூச்சு வாங்கி வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம். வயலின்காரர் அவளைப் பார்த்து, எடும்மா என்று தலையை ஆட்டினார். அவள் சுருதிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொருத்தராக நிறுத்தினோம். நானும் நிறுத்தினேன். கடைசிவரைக்கும் இட்லிக் கடை அம்மா மட்டும் பிடித்திருந்தாள், அப்புறம் அவளும் விட்டுவிட்டாள். அந்தப் பெண் சுருதிப் பெட்டியை மூடினாள்.

"எழுந்து வா" என்றாள் அவள் அம்மா.

காரியதரிசி வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு, "மெட்ராசுக்கு அடுத்த வண்டி எப்போ?" என்று நம்மவரைக் கேட்டார். வண்டி நேரமெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற மனிதர். தூக்கிய கையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மழைக்கும் கரிக்கும் என் வீட்டுப் பாலுக்கும் மன்னிப்புக் கேட்டவருக்கு, அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. அந்தப் பெண் அவரைத் தாண்டித்தான் வெளியே போனாள்.

அதற்கப்புறம் கச்சேரி நின்றுவிட்டது. கிளாரினெட்காரர் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என் கொடியில் கரி விழுந்தது, சுவரில் தலை எட்டிப் பார்க்கவில்லை. நான் அவர் மன்னிப்புக்காகக் காத்திருந்து புடவையை உதறினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் எல்லோருக்கும் ஒரு குறுகுறுப்பு. நாம் ஒரு தடவையாவது, போதும் சார், இப்படிப் பேசாதீங்க என்று சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. எங்களுக்கு அது சௌகரியமாக இருந்தது.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. நேரே அவர் வீட்டுக்குள் போனேன். "இப்படியே உக்காந்திருந்தா சரியாப் போயிடுமா சார்? போய்ப் பாருங்க. தனியாப் போக ஒரு மாதிரியா இருந்தா நான் வரேன்."

"போய் இன்னா சொல்றது டீச்சர்?"

"இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, அத இப்ப சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் ஆரம்பாக்கம் போனோம். வழியெல்லாம் வாயை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. அவள் வீடு வயல் ஓரமாக இருந்தது. அம்மாக்காரி எங்களைப் பார்த்துவிட்டுப் பாயை விரித்தாள். இவர் உட்காரவில்லை. அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். இவர் நின்றார், அவள் நின்றாள்.

கடைசியில் அவளே பேசினாள். "மன்னிப்பு கேக்கத்தான சார் வந்துகீறீங்க? வேணாம் சார். ஊருக்கே குடுக்கறீங்க, எனக்கு எதுக்கு அது?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வண்டி வர்ற வரைக்கும் பாடினேனே, அது எப்டி இருந்துச்சி?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். நல்லா இருந்தது என்று சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்கு வாய்வரை வந்தது. என்னைக் கேட்டிருந்தால் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவள் என்னைக் கேட்கவில்லை.

"நான் கவனிக்கலம்மா" என்றார். "அந்த சபாக்காரர் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன். அப்புறம் சிக்னலைப் பாத்துக்கினு இருந்தேன். நீ பாடினது எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீ மட்டும் இல்லம்மா. நம்ம ஊட்டுல இதுவரைக்கும் பாடின யாருடையதும் எனக்கு ஞாபகம் இல்ல."

அதைச் சொல்லிவிட்டுத்தான் பாயில் உட்கார்ந்தார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. நானும் அந்த மூஞ்சியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? அன்றைக்கு அந்தக் குடோனில் இருந்த யாருமே பாட்டைக் கேட்கவில்லை.

அவள் விரலில் சுற்றிய துணியை ஒரு தடவை பிரித்துச் சுற்றினாள். அப்புறம், "அப்படீன்னா அன்னிக்கு நான் பாடவே இல்லன்னு வெச்சிக்கலாம்" என்றாள்.

அவளுடைய அம்மா இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு எழுந்தோம். வாசலில் செருப்பைப் போடும்போது இவர், "வருவியாம்மா?" என்றார், பக்கத்தில் நின்ற என் காதுக்கே சரியாகக் கேட்காத குரலில்.

"வந்தா, நீங்க காபி போடக்கூடாது. வாசல்ல நிக்கக்கூடாது. ஒண்ணும் சொல்லக்கூடாது. எதிர்ல உக்காரணும்" என்றாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரியதரிசி மறுபடி வரவில்லை. இவர் மெட்ராசுக்குப் போய் அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தார், வயலின்காரரும் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. அவளுக்குச் சபாவும் இல்லை, நாலு இடமும் இல்லை. நாங்கள் அந்த ஊரை விட்டுப் போகிறவரை அவள் பேக்கிங் பிரிவில்தான் இருந்தாள். அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது. அவர் மனதிலும் நின்றது, என் மனதிலும் நிற்கிறது. பின்னால் நடந்த எதுவும் அதை நேர் செய்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் வந்தாள். அதைச் சொல்லாமல் இவரைப் பற்றி எழுதி என்ன பிரயோஜனம்?

ஆரம்பத்தில் அந்த மன்னிப்புப் பேச்சு இல்லை. எங்களுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. இவர் ஜமுக்காளத்தில் அவளுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். நாற்காலி காலியாகச் சுவர் ஓரத்தில் கிடந்தது. வாசலில் நின்று கை தூக்குகிற வேலை என்னுடையது.

அவள் தன் சுருதியிலேயே எடுத்தாள். கம்பெனியில் மிஷினுக்கு மேலே கேட்ட குரல் இதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர் முதலில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எதையும் பார்க்கவில்லை. முழங்காலில் வைத்த கை தானாக விரிந்து கிடந்தது. தொட்டிலில் தூங்குகிற பிள்ளைக்கு வாய் திறந்துகொள்ளுமே, அப்படி லேசாக வாய் திறந்திருந்தது. அந்த மனிதரை அதற்கு முன்னால் அப்படி நான் பார்த்ததே இல்லை.

சிக்னல் இறங்கியது. தூரத்தில் புகை தெரிந்தது. கையைத் தூக்கினேன், பாதியில் அவர் முகத்தைப் பார்த்தேன், இறக்கிவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பெண் என்னை ஒரு தடவை பார்த்தாள். நிறுத்தவில்லை.

கூட்ஸ்தான் அன்றைக்கும். குடோன் ஆடியது, டம்ளர்கள் நடந்தன. நாங்கள் எந்த ஸ்வரத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவள் வாய் அசைவதும் கழுத்து நரம்பு புடைப்பதும்தான் எங்களுக்குத் தெரிந்தது. கடைசிப் பெட்டியும் போய்ச் சத்தம் வடிந்தபோது, அவள் எங்களையெல்லாம் விட்டுவிட்டு எங்கேயோ உயரத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். வயலின்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இவர் அசையவே இல்லை.

பாட்டு முடிந்தது. இவருக்குத்தான் முதலில் நினைவு வந்தது. அவசரமாக வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கூட்ஸ் இன்னும் வரலியே. லேட்டா டீச்சர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அது அப்பவே வந்து பூட்ச்சி சார்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அலமாரியில் இடம் மாறி நின்ற டம்ளர்களைப் பார்த்தார். அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.